பெட்டிஸ் தட்டு ஏன் அப்படியே திரும்பி வந்தது?



ஒக்டோபர் 6 ஆசிரியர் தினம். "யார் யார் என்ன கொண்டு வாறீங்க?" என்ற பட்டியல் வட்ஸ்அப் குழுக்களில் ஓடத் தொடங்கிவிட்டது. அதனால்தான் இந்த நீண்ட பதிவை இப்போதே போடுகிறோம். விசயம் சிக்கன் பெட்டிஸ் பற்றியது. சிரிக்காமல் கடைசி வரை வாசியுங்கள்.

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் பாடசாலையில் ஒரு பிரியாவிடை விருந்து. அங்கே முஸ்லிம் ஆசிரியைகள் நாங்கள் நான்கு பேர். சுபஹுக்கு முன்பே எழும்பி, ஒரு வீட்டில் கூடி, 120 பெட்டிஸ் பொரித்துக்கொண்டு போனோம். விருந்து முடிந்து தட்டைப் பார்த்தால் முக்கால்வாசி அப்படியே கிடந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, "எங்கட கையால செய்ததை இவங்க சாப்பிட மாட்டாங்க" என்று நாங்களே ஒரு தீர்ப்பை எழுதிக்கொண்டோம்.

இரண்டு கிழமை கழித்து ஒரு அக்கா, எங்களோடு படிப்பிக்கிறவர், தானாகவே சொன்னார்: "அண்டைக்கு வெள்ளிக்கிழமை டீச்சர். எங்கட ஆக்கள் கனபேர் மச்சம் சாப்பிடுறேல்ல. சொன்னா நீங்க மனம் நோவீங்களெண்டு பேசாம இருந்திட்டம்." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்களும் எங்கட வீட்டுக் கோழிக்கறிய தொடுறேல்லத்தானே. நாங்க ஏனெண்டு கேட்டனாங்களோ?" என்றார்.

எங்களிடம் பதில் இருக்கவில்லை. ஹலாலாக அறுத்ததா என்பதுதான் எங்கள் பிரச்சினை, அவர்கள் கை அல்ல. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லாமல் "வயிறு சரியில்ல" என்று எத்தனை தடவை சமாளித்திருக்கிறோம்!

சொல்லாமல் விடுவது மரியாதை என்று இரண்டு பக்கமும் நினைக்கிறோம். எங்கள் கருத்தில், வன்னியில் அந்த மரியாதை எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். எங்களில் பலர் புத்தளத்து முகாம்களில் பிறந்தவர்கள், அல்லது கைக்குழந்தையாய் அங்கே போனவர்கள். 2009க்குப் பிறகுதான் நீராவிப்பிட்டி, தண்ணீரூற்று, சாளம்பைக்குளம் என்று ஊர்களுக்குத் திரும்பினோம். எங்கள் பக்கத்து மேசையில் இருக்கும் டீச்சர் 2009இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்து வந்தவர். எங்களிடம் ஒரு காயம், அவரிடம் ஒரு காயம். இப்படிப்பட்ட இரண்டு பேருக்கு நடுவில் ஒரு தட்டு தொடப்படாமல் கிடந்தால், அதற்கு நல்ல அர்த்தம் எடுக்க மனம் வராது.

சாப்பாட்டில் சந்தேகம் புகுந்தால் என்ன நடக்கும் என்பதை அம்பாறையில் பார்த்தோம். 2018 பெப்ரவரியில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், கறிக்குள் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி மலட்டு மாத்திரை என்றார்கள். கடை உடைந்தது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. பிறகு அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை வந்தது: அது மாவுச்சத்துக் கட்டி. மாவு கட்டிபடுவது சமைக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் மற்றவர் குசினிக்குள் ஒரு நாளும் நின்று பார்க்காதவருக்கு எதைச் சொன்னாலும் நம்பலாம் போலத்தான் இருக்கும்.

ஆகவே அடுத்த விருந்துக்கு முறையை மாற்றினோம். வீட்டில் செய்து கொண்டுபோகாமல், அதிபரிடம் கேட்டு, பாடசாலை மனையியல் அறையில் எல்லோருமாகச் செய்தோம். கோழி எங்கள் பொறுப்பு. மரக்கறி அவர்கள் பொறுப்பு. வேலை எல்லோருக்கும்.

முதல் பாடம் மாக்குழைக்கும்போதே வந்தது. நாங்கள் வழமைபோல கோதுமை மா 500 கிராமுக்கு மாஜரின் 125 கிராம், இரண்டு முட்டை மஞ்சட்கரு, உப்பு, கொஞ்சம் தேசிக்காய்ப்புளி என்று எடுத்து வைத்தோம். அந்த அக்கா பார்த்துவிட்டு, "முட்டையும் மச்சம்தானே டீச்சர்" என்றார். அதற்கு முன்பு எத்தனை தடவை "இது மரக்கறிதான், சாப்பிடுங்க" என்று முட்டை போட்ட பெட்டிஸை நீட்டியிருக்கிறோம்! அன்றிலிருந்து இரண்டு மா. மரக்கறிக்கு முட்டை இல்லாமல் தேங்காய்ப்பாலில் குழைப்போம். ஓரம் ஒட்டவும் முட்டை வெள்ளைக்குப் பதில் மாவைத் தண்ணீரில் கரைத்துப் பூசுவோம்.

கோழிக்கு: எலும்பில்லாத இறைச்சி அரைக் கிலோவை மஞ்சள், மிளகு, உப்போடு அவித்து உதிர்த்துக்கொள்ளுங்கள். கறிவேப்பிலை, ரம்பை, வெங்காயம், ஐந்தாறு பச்சை மிளகாய் வதக்கி, கறித்தூளும் இடித்த மிளகாயும் போட்டு, இறைச்சியையும் அவித்து மசித்த கால் கிலோ உருளைக்கிழங்கையும் சேர்த்துப் பிரட்டுங்கள். ஈரம் வற்ற வேண்டும். நன்றாக ஆறவும் வேண்டும். சூட்டோடு வைத்தால் மா இளகி, எண்ணெயில் வாய் பிளக்கும். உறைப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கட்டும். மா உறைப்பை இழுத்துவிடும். வட்டமாக வெட்டி, நடுவில் வைத்து, மடித்து, ஓரத்தை முள்ளுக்கரண்டியால் அழுத்தி, மிதமான சூட்டில் பொரியுங்கள்.

பொரிப்பதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. தாச்சி ஒன்றுதான் என்றால் மரக்கறியை முதலில் பொரித்து, மூடித் தனியாக வைத்த பிறகே கோழி. ஒழுங்கை மாற்றிப் பொரித்தால் விரதகாரர் தொட மாட்டார், அது அவருடைய உரிமை. தட்டிலும் பெயர் எழுதி வைத்தோம்: "கோழி, ஹலால்", "மரக்கறி, முட்டை இல்லை". அன்று இரண்டு தட்டும் வெறுமையாய்த்தான் திரும்பின.

சிலர் கேட்கிறார்கள்: இவ்வளவு கரைச்சல் ஏன், பேக்கரியில் ஓடர் கொடுத்தால் சரிதானே? கொடுக்கலாம். ஆனால் என்ன கோழி, எந்த எண்ணெய் என்ற கேள்வி அப்போதும் இருக்கும், கேட்க ஆள்தான் இருக்காது.

இன்னும் சிலர், "இனிமேல் எல்லாருக்கும் மரக்கறி மட்டும் போடுங்க, பிரச்சினை முடிஞ்சுது" என்கிறார்கள். வெள்ளிக்கிழமையும், வற்றாப்பளைப் பொங்கல் காலத்திலும் அப்படிச் செய்வதில் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை. எப்போதும் அப்படி என்றால் உடன்பாடில்லை. கோழியை எடுத்துவிட்டால் கேட்கவேண்டிய தேவையும் போய்விடும். ஒருவரை ஒருவர் கேட்டுப் பழகத்தானே இவ்வளவும்.

எங்கள் ஆட்களில் சிலருக்கும் ஒரு வார்த்தை. "நாங்க ஏன் எங்கட மார்க்கத்தை ஒவ்வொருத்தருக்கும் விளங்கப்படுத்த வேணும்?" என்று கேட்கிறீர்கள். இப்னு பதூதா டில்லி அரண்மனையில் இறைச்சியும் வெங்காயமும் வைத்துப் பொரித்த சம்பூசாவைப் பற்றி எழுதியவர். அதே மனிதர் 1344இல் புத்தளத்தில் இறங்கியபோது வரவேற்றவர் தமிழ் மன்னர் ஆரியச்சக்கரவர்த்தி. பாவா ஆதம் மலைக்குப் போகவேண்டும் என்று விருந்தாளி வாய்திறந்து கேட்டார். மன்னர் பல்லக்குக் கொடுத்து, வழித்துணைக்கு யோகிகளையும் பிராமணர்களையும் சேர்த்து அனுப்பினார். கேட்டதால் அவர் குறைந்துவிடவில்லை. கொடுத்ததால் மன்னரும் குறைந்துவிடவில்லை.

ஆகவே இந்த வருடம் உங்கள் பட்டியலில் மூன்று வரி கூட்டுங்கள். அன்று விரதம் யாருக்கு? முட்டை சாப்பிடாதவர் யார்? கோழி எங்கே வாங்குகிறோம்? முடிந்தால் ஒரு மணித்தியாலம் முன்பே வந்து சேர்ந்து மடியுங்கள். எங்கள் ஓரங்கள் அழகாக வராவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளைகள் பார்க்கட்டும். ஹிஜாப் போட்ட டீச்சரும் பொட்டு வைத்த டீச்சரும் ஒரே மேசையில் மா உருட்டுவதை அவர்கள் எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்க்கப்போவதில்லை.

உங்கள் பாடசாலையில் எப்படிச் செய்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். திட்டுவதென்றாலும் எழுதுங்கள், மனதுக்குள் வைத்திருக்க வேண்டாம்.

அனைவருக்கும் ஆசிரியர் தின வாழ்த்துகள். அல்லாஹ் எங்கள் ஊர்களில் பரக்கத் செய்வானாக.