பழைய கைப்பேசிக்கு ஆயுள் குறிப்பவர் யார்?



ஏழாயிரம்பண்ணையில் இன்று கைப்பேசி இல்லாத வீடு அரிது. தீப்பெட்டி ஆலைக்கும் பட்டாசு ஆலைக்கும் சென்று வரும் நம் பெற்றோர், பல வாரக் கூலியைச் சேர்த்து வாங்கிய கருவி அது. சில ஆண்டுகள் சென்றதும், "இதற்கு இனிப் புதுப்பித்தல் வராது" என்று நிறுவனம் கைவிரித்து விடுகிறது. திரை உடையவில்லை, பேச்சும் தெளிவாகக் கேட்கிறது. ஆயினும், புதுப்பித்தல் நின்றால் பாதுகாப்புக் குறைகள் திருத்தப்படாமலே தங்கிவிடும்; புதிய செயலிகளும் ஏற மறுக்கும். நல்ல கருவி பீரோவுக்குள் போய்விடும். அதன் ஆயுளைக் குறிக்கும் உரிமை விற்றவருக்கு மட்டுமா? வாங்கியவருக்கும் உண்டு என்பதே நம் கருத்து.

இதற்குச் சான்று ஒன்று கூறுவோம். நம் மாநிலத்து ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா நிறுவனத்தின் ஆலை இயங்கியது. சிற்றூர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே பணியாற்றினர். அதே நிறுவனம் 2009-ஆம் ஆண்டில் என்900 என்னும் கைப்பேசியை வெளியிட்டது. அதன் இயங்குதளமாகிய மீமோ, லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம்.

2011-இல் நோக்கியா விண்டோஸ் கைப்பேசிகளின் பக்கம் திரும்பிற்று. என்900 ஆதரவற்று நின்றது. ஆனால் பல நாட்டு ஆர்வலர் அதைக் கைவிடவில்லை. பிழைகளைத் திருத்தினர், படுக்கை வாக்கில் மட்டும் தெரிந்த முகப்புத் திரையை நிமிர்த்தியும் பார்க்க வழி செய்தனர். பின்னர் மீமோ லெஸ்டே என்னும் இயங்குதளத்தையே உருவாக்கினர். அக்கருவியின் நினைவகமோ வெறும் 256 மெகாபைட்! ஊர் கூடித் தேர் இழுப்பது என்பது இதுதானன்றோ?

நம் வீட்டு ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடித்தளமும் லினக்ஸே. 2016-இன் இறுதியில் தோன்றிய லினியேஜ் ஓஎஸ் என்னும் இயங்குதளத்தைத் தன்னார்வலர் பழைய ஆண்ட்ராய்டு கருவிகள் பலவற்றுக்கு இலவசமாக வழங்கி வருகின்றனர். 2017-இல் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் என்னும் முயற்சியோ, ஒரு கைப்பேசி 10 ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்பதையே குறிக்கோளாக வைத்தது.

இதில் இடர் இல்லையா என்று பெற்றோர் வினவலாம். உண்டு. நிறுவனம் இட்ட பூட்டைத் திறக்கும்போது உள்ளிருக்கும் படங்களும் பாடக் குறிப்புகளும் அழிந்துவிடும். முன்னரே படியெடுக்க வேண்டும். வேறு மாதிரிக்குரிய கோப்பை ஏற்றினால் கருவி விழிக்காமலே போகலாம். வங்கிச் செயலிகள் சில இயங்க மறுக்கும். ஆகவே வீட்டிலுள்ள ஒரே கைப்பேசியில் கைவைத்தல் ஆகாது. பீரோவில் தூங்கும் கருவியில் பழகுவதே முறை. மின்கலம் உப்பியிருந்தால் அதையும் தொடலாகாது. தீயின் குணம் அறிந்த நம் ஊராருக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

ஆனால் பூட்டைத் திறக்கவே விடாத நிறுவனங்களும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில், ஒரு மாதிரியின் விற்பனை நின்ற பின்னும் குறைந்தது 5 ஆண்டுகள் புதுப்பித்தல் கிடைக்கச் செய்யும் விதி 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. நம் நாட்டிலும் அத்தகைய விதி வேண்டும். நிறுவனம் கைவிடும் நாளில், பூட்டின் சாவியை வாங்கியவரிடமே ஒப்படைக்கவும் வேண்டும்.

தோழியரே! நம் பள்ளிக் கணினி அறையில் இரண்டொரு பழைய கைப்பேசிகளை வைத்து இக்கலையைப் பயில ஆசிரியப் பெருமக்கள் வழி செய்வார்களாக. நிரல் எழுத அறியாதவரும் பிழையைக் கண்டு சொல்லலாம், குறிப்புகளைத் தமிழாக்கலாம். அன்று நம் மாநிலப் பெண்கள் கைப்பேசியின் உறுப்புகளைப் பொருத்தினர். அதன் உள்ளே ஓடும் நிரலைப் படித்துத் திருத்தும் திறனை இன்று நாம் பெறுவோமாக!