காலம் காட்டும் வினையும் தமிழ்மேல் ஏற்றிய பழியும்

தமிழ்ப்பள்ளியில் சேர்த்தால் பிள்ளைக்கு ஆங்கிலம் வராது என்னும் பேச்சு மலேசியத் தமிழரிடையே புதியதன்று. ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் இருந்த பூச்சோங் இன்று அடுக்குமாடிகளும் நெடுஞ்சாலைகளும் நிறைந்த நகரம். கின்றாரா, காசல்பீல்டு எனும் தோட்டப் பெயர்களைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் அங்கே இன்றும் நிற்கின்றன. தோட்டம் போயிற்று, அந்தப் பேச்சு மட்டும் போகவில்லை. அதற்குச் சான்றாகக் காட்டப்படுவது பெரும்பாலும் பிள்ளைகளின் வினைப்பிழையே: 'எஸ்டர்டே ஐ கோ டு மார்க்கெட்.'

இப்பிழைக்காகத் தமிழைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோர் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். 'நேற்றுச் சந்தைக்குப் போகிறேன்' என்று எந்தத் தமிழ்க் குழந்தையாவது சொல்லுமா? தமிழ் வினைமுற்று காலத்தைத் தன் உடம்பிலேயே தாங்கி நிற்பது. த், ட், ற், இன் என்பன இறந்தகாலத்தையும், ஆநின்று, கின்று, கிறு என்பன நிகழ்காலத்தையும், ப், வ் என்பன எதிர்காலத்தையும் காட்டும் என நன்னூல் வகுத்திருக்கிறது. மலாய் மொழியிலோ காலத்திற்காக வினை உருமாறுவதில்லை. 'மாக்கான்' நேற்றும் மாக்கான், நாளையும் மாக்கான். சுடா, செடாங், அக்கான் முதலிய துணைச்சொற்களே நிலையை உணர்த்தும். சீன மொழியிலும் வினை உருமாறாது. இவற்றின் சாயல் படிந்த தெருப்பேச்சே 'ஐ ஈட் ஆல்ரெடி' என்பது. அது அம்மொழிகளின் குறையன்று, இயல்பு. ஆனால் அப்பிழைக்கு நட்ட ஈடு தமிழ் ஏன் கட்ட வேண்டும்?

தமிழால் விளையும் இடர்ப்பாடு வேறோர் இடத்தில் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 'கதிரவன் கிழக்கே உதிக்கும்', 'நாள்தோறும் ஆறு மணிக்கு எழுவேன்' என்று வழக்கத்தையும் பொது உண்மையையும் தமிழ் எதிர்கால வடிவால் சொல்லும். ஆங்கிலம் அவற்றிற்கு நிகழ்காலத்தைக் கேட்கும். 'போகிறேன்' என்னும் ஒரு சொல் 'ஐ கோ', 'ஐ ஆம் கோயிங்' என்னும் இரண்டிற்கும் நிற்பதால், மாணவன் ஒன்றிருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்றை வைக்கிறான். இவை தமிழிலக்கணம் அறிந்த ஆசிரியருக்கு ஐந்து நிமிட வேலை. அறியாதவர் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போவார்.

பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட காலப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வதும் அத்தகையதே. கட்டத்திற்கு ஒரு பெயர் சொல்லத் தெரிந்த மாணவன் வாக்கியத்தில் தடுமாறுகிறான். ஆங்கிலச் சொல்வடிவம் நேராகக் காட்டுவது இறப்பு, இறப்பல்லாதது என்னும் இரு காலங்களையே என்பது அம்மொழியின் இலக்கண அறிஞர் பலர் ஒப்பும் கருத்து. எஞ்சியவை துணைவினைகளின் வேலை. துணைவினை தமிழனுக்குப் புதிதா? 'வந்துகொண்டிருக்கிறார்', 'வந்திருக்கிறார்', 'வந்துவிட்டார்' என்று ஏழு வயதுப் பிள்ளை பிழையின்றிப் பேசுகிறதே! 'வந்திருக்கிறார்' என்பதில் வருகை முடிந்தது, ஆள் இன்னும் இருக்கிறார். 'ஹி ஹேஸ் கம்' என்பதும் அதுவே. வேற்றுமை ஒன்றுண்டு: 'நேற்று வந்திருக்கிறார்' எனத் தமிழ் இசையும், ஆங்கிலம் அவ்விடத்தில் நேற்று என்பதை ஏற்காது. இந்த ஒரு வேற்றுமையைச் சொல்ல எத்தனை பட்டியல்கள் வேண்டும்?

ஆங்கில வகுப்பில் தமிழ் நுழையலாகாது என்பார் உளர். எல்லாவற்றையும் மொழிபெயர்த்தே கற்பித்தால் நாவில் ஆங்கிலம் ஏறாது என்பது உண்மையே. ஆனால் இங்கே கேட்கப்படுவது மொழிபெயர்ப்பன்று, ஒப்பீடு. ஆங்கிலத்தை அதிகமாகக் காதில் விழச் செய்தால் போதும் என்ற நம்பிக்கையில் 2003 இல் கணிதமும் அறிவியலும் தமிழ்ப்பள்ளிகளிலும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டன. 2009 இல் அத்திட்டம் கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. 2016 இல் இருமொழித் திட்டம் என்னும் பெயரில் அதே எண்ணம் திரும்பி வந்தது. பெருக்கலை ஆங்கிலத்தில் ஒப்பித்த பிள்ளைக்கு 'வென்ட்' என்பதும் 'ஹேஸ் கான்' என்பதும் எங்ஙனம் பிரிந்து விளங்கும் என்பதை அத்திட்டங்களை வரவேற்றவர் விளக்கவில்லை.

பூச்சோங்குப் பெற்றோர் பிள்ளையை எப்பள்ளியில் சேர்ப்பது என்று முடிவு செய்யுமுன், வீட்டில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். 'நேற்று என்ன செய்தாய்?' என்று தமிழில் கேட்கட்டும். விடையில் வரும் ஒவ்வொரு வினையிலும் காலம் சரியாக இருக்கும். அந்த அறிவோடு வரும் பிள்ளைக்கு ஆங்கிலக் காலத்தைக் கற்பிக்க இயலவில்லையென்றால், விளக்கம் தரவேண்டியது பிள்ளையின் தாய்மொழி அன்று, கற்பிக்கும் முறை.