விரிசல் விட்ட மணி

அமெரிக்காவில் பாஸ்டனுக்கு வடகிழக்கே மார்பிள்ஹெட் என்று ஒரு கடற்கரை ஊர். காட் மீன் பிடித்து, உப்பிட்டுக் காயவைத்து விற்றே பிழைத்த ஊர். அங்கே 1714-இல் மரத்தால் கட்டிய தூய மிக்கேல் எபிஸ்கோப்பல் ஆலயம் இன்றைக்கும் நிற்கிறது, ஆராதனையும் நடக்கிறது.

இங்கிலாந்து திருச்சபையின் கெடுபிடி பிடிக்காமல் கடல் தாண்டிவந்த ப்யூரிட்டன்களின் மண்ணில், அதே திருச்சபைக்கு ஒரு கோயில். கப்பல் தலைவர்கள் பணம் போட்டார்கள். போதகர்களை அனுப்பிப் பராமரித்தது 1701-இல் லண்டனில் தொடங்கிய எஸ்.பி.ஜி. என்ற மிஷன் சங்கம். திருநெல்வேலிக்காரர்களுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. கால்டுவெல்லை இடையன்குடிக்கு அனுப்பியதும் அதே சங்கம்தான்.

1776 ஜூலையில் சுதந்திரப் பிரகடனச் செய்தி ஊருக்கு வந்தது. கூட்டம் ஆலயத்துக்குள் புகுந்து, மாட்டியிருந்த அரச சின்னத்தைப் பிடுங்கிப் போட்டது. பிறகு மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அடித்தார்கள், அடித்தார்கள், மணி விரிசல் விடும்வரை அடித்தார்கள். 1732-இல் பிரிஸ்டலிலிருந்து வந்த பித்தளைச் சரவிளக்கு தப்பியது.

விடுதலைக்காக அடித்த அந்தக் கைகளை நான் குறை சொல்லமாட்டேன். ஆனாலும் போதகர் ஜோஷுவா விங்கேட் வீக்ஸை நினைக்காமல் இருக்க முடியவில்லை. குருப்பட்டம் பெறும்போதே மன்னருக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்தவர் அவர். ஞாயிறுதோறும் சொல்லும் ஜெபத்தில் மன்னரின் பெயர் வரும். ஊரே மன்னரை உதறிய பிறகு அந்த வரியை அவர் என்ன செய்வார்? சத்தியத்தை விடவில்லை, ஊரை விட்டார். கனடாப் பக்கம் போய்ச் சேர்ந்தார்.

சபை அழிந்துவிடவில்லை. மன்னருக்குச் சத்தியம் செய்யாமல் இங்கிலாந்தில் பேராயர் பட்டம் கிடைக்காது என்றானதால், சாமுவேல் சீபரி என்ற அமெரிக்கப் போதகர் ஸ்காட்லாந்து போய் 1784-இல் அபர்டீனில் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1789-இல் அமெரிக்கர்களுக்கென்று தனி ஜெபப்புத்தகம் வந்தது. மன்னர் இருந்த இடத்தில் குடியரசுத் தலைவர். விரிசல் விட்ட மணியைப் பின்னாளில் பால் ரெவேர் மறுபடி வார்த்துக் கொடுத்தார். போர் மூள்வதற்கு முந்தைய இரவில் குதிரையேறிப் போய் ஊர்களை எழுப்பினாரே, அதே தட்டான்.

எங்கள் ஆச்சி வைத்திருந்த பழைய தமிழ் ஜெபப்புத்தகத்திலும் ராஜாவுக்கான ஜெபம் உண்டு. வீட்டு ஜெபத்தில் அந்தப் பக்கம் வந்தால் ஆச்சி ஒரு தாளைத் தள்ளிவிட்டு மேலே வாசிப்பாள். ஏன் ஆச்சி என்று கேட்டேன்.

“அது அந்தக் காலத்து ஜெபம்லா ஐயா” என்றாள். அந்தத் தாளைக் கடைசிவரை அவள் கிழிக்கவில்லை.