கிடாரைப் பரணில் ஏற்றாதீர்கள்!

சேலம் அம்மாபேட்டையில் ஒரு வீடு. முன்கட்டில் தறி. பின்கட்டில் அடுப்படி. நடுவே உள்ள பரணில் ஒரு கிடார், உறை போட்டபடி தூங்குகிறது.

பையன் ஆசைப்பட்டுக் கேட்டான். தீபாவளி போனஸ் வந்ததும் அப்பா வாங்கிக் கொடுத்தார். முதல் வாரம் வீடே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. இரண்டாவது வாரம், "எங்கே சாமி, ஒரு பாட்டு வாசி, கேக்கலாம்" என்றார் அப்பா. பையனுக்கு வரவில்லை. மூன்றாவது வாரம் விரல் நுனி எல்லாம் எரிந்தது. "ஏனுங்க, காலங்காத்தால என்னங்க டொய்ங் டொய்ங்னு?" என்று அடுத்த வீட்டுக்காரர் கேட்டு விட்டார். அன்று மாலையே கிடார் பரணில் ஏறி விட்டது.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. ராசிபுரத்திலும் உண்டு. திருச்செங்கோட்டிலும் உண்டு. நாமக்கல்லிலும் உண்டு.

குற்றம் கிடாரின் மேலா? இல்லை. பையனுக்கு ஞானம் இல்லையா? அதுவும் இல்லை. மூன்றாவது வாரத்தைத் தாண்டும் வழி அவனுக்கும் தெரியவில்லை, வீட்டாருக்கும் தெரியவில்லை. அவ்வளவுதான்!

காய்த்த கை

கிடார் பழகுகிறவர்களை முதலில் விரட்டுவது விரல் வலி. மெல்லிய கம்பியை இடது கை விரல் நுனியால் அழுத்த வேண்டும். பழகாத சதை, வலிக்கத்தான் செய்யும்.

தறி ஓட்டுகிறவரின் கையைப் பாருங்கள். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் வெள்ளிக் கம்பி இழுப்பவரின் கையைப் பாருங்கள். காய்த்துப் போயிருக்கும். அந்தக் கையும் ஒரு நாள் எரிந்த கைதான்.

கிடாரும் அப்படித்தான். நாள்தோறும் சிறிது நேரம் பழகினால், சில வாரங்களில் விரல் நுனித் தோல் தடித்து விடும். பிறகு வலி தெரியாது. ஆனால் ஒரே நாளில் இரண்டு மணி நேரம் வாசித்து விரலைப் புண்ணாக்கிக் கொண்டால், அடுத்த நாள் கிடாரைத் தொடவே மனம் வராது. விரல் எரியத் தொடங்கியதும் நிறுத்தி விட வேண்டும். மறுநாள் தொடர வேண்டும்.

மணிக்கட்டோ முழங்கையோ வலித்தால் மட்டும் அது வேறு கதை. பிடிக்கும் முறை தவறு என்று பொருள். உடனே ஆசிரியரிடம் காட்டித் திருத்திக் கொள்ள வேண்டும்.

அழுத்துவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கிடாரின் கழுத்தில் குறுக்கே உலோகக் கட்டைகள் பதித்திருக்கும். வீணையில் இதை மெட்டு என்பார்கள். கிடாரில் ஃபிரெட் என்பார்கள். இரண்டு கட்டைகளுக்கு நடுவில் அழுத்தினால் அதிக பலம் வேண்டும், ஒலியும் இரையும். கட்டையை ஒட்டி, அதற்குச் சற்று முன்னால் அழுத்தினால் பாதி பலம் போதும். ஒலி மணி போல வரும். இது தெரியாமல் பலர் வீணாக விரலை வருத்திக் கொள்கிறார்கள். இடது கை நகத்தை ஒட்ட வெட்டுவதும் முக்கியம்.

பாவு மாதிரிதான் தந்தி

கிடாருக்கு ஆறு தந்திகள். தடித்த தந்தியில் தொடங்கி ஈ, ஏ, டி, ஜி, பி, மறுபடியும் ஈ என்று பெயர். ஒவ்வொன்றையும் அதனதன் சுருதிக்கு முறுக்கி வைக்க வேண்டும்.

நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். பாவு தொய்ந்தால் துணி கெடும். மிஞ்சி இறுக்கினால் இழை அறும். தந்தியும் அதே கதைதான். தளர்ந்தால் சுருதி இறங்கும். இறுக்கினால் ஏறும். மிஞ்சினால் அறுந்து முகத்தில் அடிக்கும்!

சரிகையும் ஓர் உதாரணம். நடுவில் நூல், அதைச் சுற்றி உலோக இழை. நைலான் தந்தி போட்ட கிடாரின் மூன்று தடித்த தந்திகளும் அப்படியே செய்யப்பட்டவை. உள்ளே நைலான் இழைகள், வெளியே சுற்றிய உலோகக் கம்பி.

சுருதி சேராத கிடாரில் மேதை வாசித்தாலும் நாராசமாக இருக்கும். புதிதாகப் பழகும் பிள்ளைகள் பலர், "எனக்கு வரவில்லை" என்று அழுவது இதனால்தான். வராதது பிள்ளைக்கு அல்ல, தந்திக்கு! இன்று கைப்பேசியிலேயே சுருதி பார்க்கும் வசதி இலவசமாகக் கிடைக்கிறது. தினமும் முதல் வேலை, சுருதி சேர்ப்பது.

ஆர்மோனியம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு செய்தி. ஆர்மோனியத்தில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டைகள். கிடாரிலும் அதே கணக்கு. பன்னிரண்டாவது கட்டையில் அழுத்தினால், தந்தி சரிபாதியாகி, அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். கடல் தாண்டி வந்த வாத்தியம்தான். கணக்கு பழகிய கணக்குதான்.

கால் மணி போதும்

ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் பழகுவதை விட, தினமும் கால் மணி நேரம் மேல். வாரம் ஒரு முறை குடம் குடமாக ஊற்றினால் செடி பிழைக்காது.

அந்தக் கால் மணியை எப்படிச் செலவிடுவது?

முதல் மூன்று நிமிடம் சுருதிக்கு.

அடுத்த ஐந்து நிமிடம் கார்டு பழக. கார்டு என்றால் ரேஷன் கார்டு அல்ல! பல சுரங்களைச் சேர்த்து ஒரே சமயத்தில் ஒலிப்பது. ஈ மைனர் என்ற கார்டுக்கு இரண்டே விரல்கள் போதும். ஏ, டி என்ற இரண்டு தந்திகளையும் இரண்டாவது கட்டையில் அழுத்த வேண்டும். அடுத்து ஏ மைனர். இதற்கு மூன்று விரல்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு விரல்களை மாற்றிப் பழக வேண்டும். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மாற்ற முடிகிறது என்று எண்ணி, நோட்டில் குறித்து வைக்க வேண்டும். இன்று ஆறு, அடுத்த வாரம் பத்து. முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். மனமும் தளராது.

அடுத்த ஐந்து நிமிடம் ஒரே ஒரு பாட்டு. மிக மெதுவாக. தடுமாறும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப.

கடைசி இரண்டு நிமிடம், பிள்ளையின் இஷ்டம்!

கைப்பேசியில் பாடம் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். நல்லவையும் உண்டு. ஆனால் பத்து வாத்தியாரிடம் பத்து நாள் படித்தவன் எதையும் படித்தவன் ஆகமாட்டான். ஒருவரைப் பிடித்துக் கொண்டு போக வேண்டும். பக்கத்து ஊரில் ஆசிரியர் இருந்தால், மாதம் இரண்டு முறையாவது நேரில் போய்க் கையைக் காட்டி வருவது நல்லது. தவறான பழக்கம் படிந்து விட்டால் எடுப்பது கடினம்.

வாங்கும்போது ஒரு பார்வை

அலங்காரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். கழுத்தின் மேல் தந்தி அதிக உயரத்தில் நின்றால், அந்தக் கிடார் புதிதாகப் பழகுகிறவருக்கு எதிரி. தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிப் போக வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு நைலான் தந்தி போட்டது விரலுக்கு இதம். அளவு சிறிய கிடார்களும் உண்டு.

சேலத்து வெயில் மரத்துக்கு ஆகாது. தகரக் கூரைக்குக் கீழே, ஜன்னல் வெயிலில் வைத்தால் கழுத்து வளையும். வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் தந்தியைத் துடைத்தால் வியர்வைத் துரு பிடிக்காது.

ரேடியோவை விற்ற தாய்

இனி, வீட்டாருக்கு.

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் பண்ணைப்புரம் என்று ஒரு கிராமம். அங்கிருந்து மூன்று சகோதரர்கள் 1968-ம் ஆண்டில் சென்னைக்குப் போகத் துணிந்தார்கள். கையில் காசு இல்லை. தாயார் சின்னத்தாய் என்ன செய்தார்? வீட்டில் இருந்த ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்று, பணத்தைக் கொடுத்து அனுப்பினார்.

அந்த மூவரில் ஒருவர்தான் இளையராஜா. 1943-ல் பிறந்தவர். அண்ணனின் கச்சேரிக் குழுவில் ஊர் ஊராக ஆர்மோனியம் வாசித்தவர். மேல்நாட்டு இசையை எழுதப் படிக்க அவர் முறையாகக் கற்றது சென்னைக்கு வந்த பிறகு, தன்ராஜ் மாஸ்டரிடம். அப்போது வயது 25-ஐத் தொட்டிருந்தது. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிடார் தேர்வு எழுதித் தங்கப் பதக்கமும் பெற்றார். 1976-ல் "அன்னக்கிளி" வந்தது. பிறகு நடந்தது நாடறிந்த செய்தி.

இன்னொரு கதை. பிரான்சு நாட்டில் வாழ்ந்த ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் என்ற நாடோடி இனத்து இளைஞர். 1928-ம் ஆண்டில் அவர் குடியிருந்த வண்டி வீடு தீப்பிடித்தது. இடது கையில் இரண்டு விரல்கள் முடங்கின. மாதக் கணக்கில் படுக்கை. அப்போது அவருடைய தம்பி ஒரு கிடாரைக் கொண்டு வந்து கொடுத்தார். மிச்சம் இருந்த இரண்டு விரல்களை வைத்தே தனி வழி ஒன்றை உண்டாக்கி, உலகம் போற்றும் கிடார் மேதையானார் ஜாங்கோ.

தாய்மார்களுக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் எலிசபெத் காட்டன் என்ற கறுப்பினப் பெண்மணி சிறுமியாக இருந்தபோது தானாகவே கிடார் பழகினார். இடது கைப் பழக்கம் உள்ளவர். கிடாரைத் தலைகீழாகப் பிடித்தே வாசித்தார். குடும்பம், வேலை என்று ஆன பிறகு பல பத்தாண்டுகள் அதைத் தொடவே இல்லை. வீட்டு வேலை செய்து பிழைத்தார். அறுபது வயதை ஒட்டி மீண்டும் எடுத்தார். 1958-ல் அவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. தொண்ணூறு வயதை ஒட்டி கிராமி பரிசும் வந்தது!

"இந்த வயசுல எதுக்குங்க?" என்று கேட்பவர்களுக்கு இதை விட வேறு பதில் வேண்டுமா?

மார்க் போய் விடுமா?

நாமக்கல் பக்கம் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. பிளஸ் 2 மார்க்குக்காகவே தமிழ்நாட்டின் பல மூலைகளிலிருந்து பிள்ளைகளை இங்குள்ள விடுதிப் பள்ளிகளில் கொண்டு வந்து சேர்த்த காலம் ஒன்று உண்டு. 2017-ல் மாநில ரேங்க் பட்டியல் வெளியிடுவதை அரசு நிறுத்தியது. பட்டியல் போய் விட்டது, பயம் போகவில்லை.

இருபத்து நான்கு மணி நேரத்தில் கால் மணி போனால் மார்க் போகாது. தினமும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, தவறைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் பழக்கம், கணக்குப் பாடத்துக்கும் வேண்டிய பழக்கம்தான். தேர்வு மாதத்தில் வேண்டுமானால் பத்து நிமிடமாகக் குறைக்கலாம். முற்றிலும் நிறுத்தினால் காய்ப்பு கரைந்து விடும். மறுபடியும் முதலிலிருந்து வலிக்கும்.

பிழைப்பும் கலையும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை தாசில்தார் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். பள்ளி ஆசிரியராக இருந்தார். அவரேதான் சித்திரக்காரராகவும் பெயர் எடுத்தார்; பாட்டும் எழுதினார்.

கிடார் இந்த மண்ணுக்கு அந்நியமும் அல்ல. திருச்செங்கோட்டுக்காரரான டி. ஆர். சுந்தரம் 1935-ல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்சை நிறுவினார். 1960-களில் அந்த நிறுவனத்தின் துப்பறியும் படங்களுக்கு வேதா இசை அமைத்தார். 1966-ல் வந்த "வல்லவன் ஒருவன்", "இரு வல்லவர்கள்" படங்களில் மேல்நாட்டு மெட்டுகளைத் தமிழ்நாடே கேட்டது. இன்று அந்த ஸ்டுடியோ இல்லை. ஏற்காடு சாலையில் நுழைவு வளைவு மட்டும் அதன் பெயரைச் சொல்லி நின்றது. பாட்டு நிற்கவில்லை.

கிடார் பழகும் எல்லோரும் இளையராஜா ஆக வேண்டியது இல்லை. வயல் உழுகிற எல்லோரும் மிராசுதாரா? லாரி ஓட்டி வந்து அலுத்துப் படுப்பதற்கு முன், ஒரு பாட்டைத் தானே வாசித்துத் தானே கேட்க முடிந்தால், அது சிறிய சொத்து அல்ல.

பெற்றோர் செய்ய வேண்டியது

முதல் மூன்று மாதம் "ஒரு பாட்டு வாசி" என்று கேட்காமல் இருப்பது. உறவினர் முன்னால் நிறுத்திப் பரீட்சை வைக்காமல் இருப்பது. அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல் இருப்பது. அடுத்த வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது. "பையன் பழகறானுங்க, கொஞ்ச நாள் பொறுத்துக்கங்க" என்றால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று. கிடாரை உறை போட்டு மூலையில் வைக்கக் கூடாது. கை எட்டும் இடத்தில், வெயில் படாத சுவரில் மாட்டி வைக்க வேண்டும். கண்ணில் பட்டால் கை போகும்.

குழந்தை நடை பழகும்போது எத்தனை முறை விழுகிறது? "உனக்கு நடை வராது" என்று எந்தத் தாயும் தொட்டிலில் போட்டு விடுவதில்லை. கையைப் பிடித்து எழுப்பி விடுகிறாள்.

பரணில் தூங்கும் கிடாரை இன்று மாலை இறக்கலாம். தூசி தட்டலாம். சுருதி சேர்க்கலாம். ஞாயிற்றுக்கிழமைதானே, கால் மணி நேரம் கிடைக்காதா?