பாதி மூடிய கார்

சென்ற மாதம் மாணவ வாசகர் ஒருவர் எழுதியனுப்பிய கடிதம் இன்னும் என் மேசையிலே கிடக்கின்றது. பழைய ஆங்கிலத் திரைப்படம் ஒன்றிலே அவர் கூரையில்லாத கார் ஒன்றைக் கண்டாராம். அதிலே சாரதியின் ஆசனம் மாத்திரம் திறந்திருக்க, மறுபாதி முழுவதும் கறுப்புத் துணியினால் இறுக மூடப்பட்டிருந்ததாம். "அந்தப் பாதி பழுதடைந்து விட்டதா? அல்லது அதற்குள்ளே எதையேனும் ஒளித்து வைத்திருக்கின்றனரா?" என்று கேட்டிருக்கின்றார். அவருடைய தகப்பனாருக்கும் விடை தெரியவில்லையாம். தகப்பனும் மகனுமாக இருந்து யோசித்த ஒரு கேள்விக்கு இப்பத்தியில் இடங்கொடுப்பது நியாயமே. அன்றியும், அந்தக் கறுப்புத் துணி விஷயத்தில் எனக்குப் பழைய கடன் ஒன்று உண்டு. அதனைப் பின்னர் சொல்கின்றேன்.

அத்துணிக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் 'ரொனோ கவர்' என்பதாகும். ரொனோ என்பது பிரெஞ்சுச் சொல். பீப்பாய் என்று பொருள்படும். 1900ஆம் ஆண்டை அடுத்து வந்த கார்களிலே பின்னாசனப் பகுதியானது, மேலே திறந்த ஒரு பீப்பாயை வண்டியின் பின்புறத்தில் ஏற்றி வைத்தாற்போலத் தோன்றும். உள்ளே ஏறுவதற்கான கதவும் அதன் முதுகிலேயே இருந்தது. காலப்போக்கில் அந்த வடிவம் மறைந்தது, பெயர் மறையவில்லை. பின்னாசனத்தில் ஆளில்லாத வேளைகளில் தெருப்புழுதி படியாதிருக்க அதன்மேல் விரித்த துணி ரொனோ கவர் ஆயிற்று. பின்னாசனமே இல்லாத, இருவர் மாத்திரம் அமரும் ஸ்போட்ஸ் கார்களுக்கும் பிற்காலத்தில் அந்தப் பெயரே போயிற்று. இன்று அமெரிக்காவிலே பிக்-அப் வண்டிகளின் சுமைப் பகுதியை மூடும் விரிப்பையும் இப்பெயராலேயே வழங்குகின்றனர். பீப்பாய் வடிவமான கைக்கடிகாரங்களுக்குங்கூட இதே பெயர் உண்டு.

நிற்க. நான் கையாலே தொட்டுப் பழகிய ரொனோ கவர், எம்.ஜி.பி. என்னும் காருக்கு உரியது. எம்.ஜி. என்பது 'மொரிஸ் கராஜஸ்' என்ற ஒக்ஸ்போட் நகரத்து வியாபார நிலையத்தின் பெயர்ச் சுருக்கம். 1929ஆம் ஆண்டில் அக்கார்களின் தொழிற்சாலை ஒக்ஸ்போட்டுக்குத் தெற்கேயுள்ள அபிங்டன் என்னும் சிறிய பட்டினத்துக்குப் போயிற்று. அங்கே 1962 முதல் 1980 வரை எம்.ஜி.பி. செய்யப்பட்டது. தகரக் கூரையுடன் வந்த வகையையும் சேர்த்து ஐந்து இலட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் வெளிவந்தன. 1980 ஒக்டோபரில் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆயினும் அந்த வண்டிகளைப் பேணி ஓட்டுவோர் இங்கிலாந்தில் இன்றும் ஏராளமாக உளர்.

திறந்த வண்டியாக வந்த எம்.ஜி.பி.யில் மழைக்குப் போடுவதற்கு 'ஹூட்' என்னும் துணிக் கூரை ஒன்று உண்டு. ஆரம்ப கால வண்டிகளில் இஃது இருவகைப்பட்டிருந்தது. ஒன்று, ஆசனங்களுக்குப் பின்னால் மடிந்து கிடப்பது. மற்றது, கம்பிச் சட்டம் வேறு துணி வேறாக முற்றாகக் கழற்றி எடுத்து வைப்பது. இந்த இரண்டாம் வகையைப் பூட்டுவது எளிதன்று. வண்டியை நிறுத்தி, இறங்கி, கம்பிகளைக் குழிகளிலே பொருத்தி, துணியை விரித்து, முன்கண்ணாடியின் மேல்விளிம்பு வரையில் இழுத்து மாட்டி முடிப்பதற்குள் மழை நின்று போனாலும் போகும். இங்கிலாந்தின் மழை அத்தன்மையது. முழுவதும் திறந்தும் போக இயலாது, ஹூட்டைப் போட்டுக்கொண்டு அடைபட்டுப் போகவும் மனமில்லை என்னும் இடைநிலைக்கு ஏற்பட்ட உபாயமே ரொனோ கவர்.

அதன் அமைப்பைச் சொல்லுகின்றேன். நம் வீடுகளில் றெக்ஸின் என்று வழங்கும் துணியைப் போன்ற, வினைல் பூசிய கனத்த துணியினால் அது தைக்கப்பட்டிருக்கும். முன்னே டாஷ்போட்டின் மேற்புறத்திலும் பின்னே ஆசனங்களுக்கு அப்பாலுள்ள உடற்பகுதியின் ஓரத்திலும் சிறு உலோக முளைகள் இருக்கும். துணியிலுள்ள கவ்விகள் அவற்றிலே மாட்டிக்கொள்ளும். ஸ்டியரிங் சக்கரம் தூக்கி நிற்கும் இடத்தில் ஒரு பை போலப் புடைப்பாகத் தைத்திருப்பர். அதனால் வலப்பக்கம் ஸ்டியரிங் உள்ள வண்டியின் கவர் இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ள வண்டிக்குப் பொருந்தாது. எல்லாவற்றிலும் முக்கியமானது, நடுவே முன்னிருந்து பின்னாக ஓடும் நீண்ட ஸிப். அதனைத் திறந்து, சாரதியின் பக்கத்துத் துணியை மடித்து அவருடைய ஆசனத்துக்குப் பின்னே செருகிவிட்டால் ஒரு பாதி திறக்கும். மறுபாதி மூடியபடியே இருக்கும். மாணவ வாசகர் படத்திலே கண்டது இதுவேயாகும். அதற்குள்ளே ஒளித்து வைத்திருந்தது பெரும்பாலும் வெறும் ஆசனந்தான்.

ஆளில்லாத ஆசனத்தை ஏன் மூடவேண்டும்? காற்றின் குணம் அப்படி. திறந்த காரிலே காற்று முன்னாலிருந்துதான் வந்து தாக்கும் என்று நாம் நினைக்கின்றோம். உண்மையில் முன்கண்ணாடி அதனை மேலே தூக்கி எறிந்துவிடுகின்றது. கண்ணாடிக்குப் பின்னே அழுத்தம் குறைந்த ஓர் இடம் உண்டாகின்றது. மேலே போன காற்றில் ஒரு பகுதி அந்த இடத்தை நிரப்புவதற்குப் பின்னாலிருந்து சுருண்டு வந்து பிடரியிலே அறைகின்றது. அங்கிருந்து முழங்கால் வரை இறங்கி, சூடேற்றி தருகின்ற இளஞ்சூட்டையும் வாரிக்கொண்டு போய்விடுகின்றது. மறுபாதியை மூடிவிட்டால் காற்று உள்ளே இறங்கிச் சுழல்வதற்கு இடம் மிகவும் குறைந்துவிடும். கால்களைச் சுற்றிச் சூடு தங்கும். நொவெம்பர் மாதக் காலையொன்றில் இடுப்புக்குக் கீழே வெதுவெதுப்பும் கழுத்துக்கு மேலே பனிக்குளிருமாக ஓட்டிச் செல்வதில் ஒரு தனிச் சுகம் உண்டு. தூறல் விழுந்தாலும் வண்டி விரைவாக ஓடிக்கொண்டிருக்கும் வரையில் பெரும்பகுதி தலைக்கு மேலாகப் போய்விடும். சந்தியிலே சிவப்பு விளக்குக்கு நிற்கும்போதுதான் உடல் நனையும். பக்கத்து வண்டிக்காரரின் சிரிப்பும் அப்பொழுதுதான் கிடைக்கும்.

இனி என் கடனுக்கு வருகின்றேன். 1976ஆம் ஆண்டிலே நான் ஒக்ஸ்போட்டுக்கு அணித்தான ஓர் ஊரில், முதியவர் ஒருவருடைய வீட்டில் அறை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். அவரிடம் 1964ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ஒன்று இருந்தது, கழற்றி வைக்கும் ஹூட் உள்ள வகை. அக்கோடை இங்கிலாந்து மக்கள் இன்றும் பேசிக்கொள்ளும் கோடை. ஜூன் 23 முதல் ஜூலை 7 வரை தொடர்ந்து 15 நாட்கள் அந்நாட்டின் ஏதேனும் ஓரிடத்தில் வெப்பம் 32 பாகை செல்சியசைத் தாண்டியது. புல்வெளிகள் வைக்கோல் நிறமாயின. ஆகஸ்ட் முற்பகுதியில் முதியவர் ஸ்கொத்லாந்திலே இருந்த மகள் வீட்டுக்குப் புறப்பட்டார். ஹூட் கொட்டிலிலே கிடந்தது. வண்டி முற்றத்திலே ரொனோ கவருடன் நின்றது. போகும்போது அவர் என்னிடம், "மழை வந்தால் ஹூட்டைப் போட்டுவிடு. இந்தக் கவரை நம்பி விட்டுவிடாதே. இது பயணத்துக்கு ஆனது; நிறுத்தி வைப்பதற்கு ஆனதன்று" என்று சொன்னார். "அப்படியே செய்கின்றேன், ஐயா" என்றேன்.

ஆகஸ்ட் இறுதியில் அரசாங்கம் டெனிஸ் ஹவல் என்னும் அமைச்சரை வரட்சி விவகாரத்துக்குப் பொறுப்பாக நியமித்தது. சில நாட்களுக்குள் வானம் பிளந்து கொட்டத் தொடங்கிற்று. செப்டெம்பர் முழுவதும் ஈரம். நானோ பரீட்சைக்குரிய கட்டுரையொன்றில் மூழ்கியிருந்தேன். ஹூட்டைப் பூட்டும் வித்தையும் எனக்குச் சரியாகக் கைவரவில்லை. யன்னலால் எட்டிப் பார்ப்பேன். கவர் இறுக்கமாகவே தெரியும். இரண்டொரு முறை வெளியே போய், ஆசனங்களுக்கு மேலே துணி தாழ்ந்த இடத்தில் குளம் போல நின்ற நீரைக் கீழிருந்து கையால் தட்டி வெளியே ஊற்றிவிட்டு, கடமை முடிந்ததென்று திரும்பினேன். கவரைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டுமென்ற எண்ணம் ஒரு நாளேனும் உதிக்கவில்லை.

செப்டெம்பர் நடுப்பகுதியில் முதியவர் வந்தார். பிரயாணப் பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு நேரே முற்றத்துக்குப் போய் ஸிப்பைத் திறந்தார். எழுந்த வாடை நான் நின்ற இடம் வரையில் வந்தது. ஆசனத் தையல்களிலே பூஞ்சணம் வெண்மையாகப் படர்ந்திருந்தது. அவர் குனிந்து தரைக் கம்பளத்தை உயர்த்தி, அதன் அடியிலிருந்த தடித்த மெத்தைத் துணியை விரல்களால் அழுத்தினார். தண்ணீர் ஊறி வந்தது. "உள்ளே பார்த்தாயா?" என்று கேட்டார். "இல்லை, ஐயா" என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை. அன்று மாலை முழுவதும் இருவரும் கம்பளங்களைக் கழற்றி வேலியிலே போட்டோம்.

நீர் எவ்வழியால் போயிற்று என்பதைப் பின்பு அவரே காட்டினார். அத்துணி தண்ணீரைத் தாங்கும். ஆயின் தையலூசி போட்ட ஒவ்வொரு துளையும் ஒரு வாசல், ஸிப்போ ஒரு பெருவாசல். சாய்வான கூரையில் மழை விழுந்து ஓடிவிடும். தாழ்ந்து கிடக்கும் துணியில் அது நின்று, வழி தேடிக் கசியும். கசிந்தது மறுபடி காற்றோடு போவதற்கும் அதே கவர் இடங்கொடாது. திறந்து கிடந்த வண்டியாவது வெயில் வந்ததும் காய்ந்திருக்கும்.

நனைந்த கம்பளம் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கத் தோன்றும். எம்.ஜி.பி.யின் அமைப்பை அறிந்தால் அவ்வாறு கேட்கத் தோன்றாது. அதற்கு முந்திய எம்.ஜி.ஏ. காரிலே தனியான இரும்புச் சட்டம் ஒன்றுண்டு. உடல் அதன்மேல் அமர்ந்திருக்கும். எம்.ஜி.பி.க்கு அத்தகைய சட்டம் இல்லை. தரைத் தகடும் கதவுகளின் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதியுமே அதன் முதுகெலும்பு. கூரையும் இல்லாத வண்டியாதலால் பாரமெல்லாம் அங்கேதான் பொறுக்கின்றது. அந்த இடத்திலே துருப்பிடித்தால் வண்டி நடுவே தொய்யும். அடுத்த ஆண்டு அரசாங்கப் பரிசோதனைக்குக் கொண்டு சென்றபோது, பக்கத்து ஆசனத்தின் கீழே ஒரு துவாரம் அகப்பட்டது. தகட்டை வெட்டியெடுத்துப் புதிது வைத்து வெல்டிங் செய்ய நேர்ந்தது. நான் பணம் கொடுக்க முன்வந்தேன். என் கையிலிருந்தது சொற்பமே. "இந்தத் துரு உனக்கு முன்னரே தொடங்கியிருக்கும்" என்று சொல்லி அவர் வாங்க மறுத்துவிட்டார். மெய்யாகவே அப்படி எண்ணினாரோ, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரோ, இன்றளவும் நான் அறியேன்.

அதற்குப் பதிலாக அவர் என்னை வேலை பழக்கினார். குளிர் நாளிலே அத்துணி சுருங்கி விறைத்துவிடும். அப்போது பலவந்தமாக இழுத்தால் முளைகளைச் சுற்றிக் கிழியும். சற்று நேரம் வெயிலிலோ அடுப்படிக்கு அண்மையிலோ விரித்து வைத்தால் தானாக இளகிக் கொடுக்கும். மாதக்கணக்கில் சுருட்டி வைத்த கவர் மறுபடி எட்டாமற் போவதும் இதனாலேயே. கழற்றும்போது துணியின் விளிம்பைப் பிடித்து உரிக்கலாகாது. அக்கவ்விகளில் ஒரு வகை மூன்று பக்கங்களில் இறுகப் பிடித்து ஒரு பக்கத்தில் மாத்திரம் விடும். எந்தப் பக்கம் என்பதற்கு அதன்மேல் சிறு புள்ளி ஒன்று அடையாளமாக இருக்கும். அந்தப் பக்கத்தை உயர்த்தினால் குழந்தையும் கழற்றலாம். மற்றப் பக்கங்களில் இழுத்தால் பயில்வானும் துணியைத்தான் கிழிப்பான். இன்னொரு வகையில் நடுவேயுள்ள குமிழை மேலே இழுத்தால் பிடி தளரும். ஸிப்பை மூடுகையில் இரு விளிம்புகளையும் ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டே மறுகையால் இழுக்க வேண்டும்; இழுவையைப் பற்கள் தாங்கலாகாது. அது இறுகினால் மெழுகுதிரியைத் தேய்ப்பார். எண்ணெய் தொடவே மாட்டார். புழுதியைச் சேர்த்துக்கொள்ளும் என்பார்.

வெயிலுக்கு அந்தக் கவரைப் போல உதவுவது வேறில்லை. கடைத்தெருவிலே அரைமணி நேரம் நிறுத்தும்போது போட்டுவிட்டால் ஆசனத்தோல் வெடிக்காது, டாஷ்போட் வெளிறாது. உள்ளே கிடக்கும் பொருள்களும் வழிப்போக்கர் கண்ணிற் படா. தூறலிலும் அரைமணி தாங்கும். இரவு முழுவதும் பெய்யும் மழைக்கு ஹூட் அல்லது கொட்டில், இரண்டில் ஒன்று.

ஈரமான கவரைச் சுருட்டி வைக்க அவர் ஒருபோதும் விட்டதில்லை. எத்தனை மணிக்கு வீடு திரும்பினாலும், அதனை நடைக் கயிற்றிலே விரித்துவிட்டு, இரு கதவுகளையும் அகலத் திறந்து, கம்பளத்தின் கீழே கையை விட்டு அழுத்திப் பார்ப்பார். பிறகு என்னையும் அழுத்திப் பார்க்கச் சொல்லுவார். அவ்வீட்டிலே நான் இருந்த மட்டும், இரவில் மழைச் சத்தம் கேட்டால் முதலில் முற்றத்துக்கு ஓடியவன் நானே.