வேலை பெருகினால் வீடு கிடைக்குமா?

“நகரத்தில் வேலை பெருகுகிறது; வீட்டுக் கவலை தானே தீரும்!” இப்படித் தம்பட்டமடிக்கிறார்கள் முதலாளிகளின் பிரசாரகர்கள். உண்மை என்ன?

சென்னையைப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கம்பெனிகள் எழும்பின. வேலை வந்தது மெய்தான், நாம் மறுக்கவில்லை. ஆனால், மாடியில் லட்ச ரூபாய்ச் சம்பளம். வாசலில் நிற்கும் காவலாளிக்கும், கக்கூஸ் கழுவும் பெண்ணுக்கும் கான்ட்ராக்ட் கூலி! வீட்டுக்காரர் எவர் மடியைப் பார்த்து வாடகை சொல்கிறார்? கனத்த மடியைப் பார்த்துத்தான். ஆகவே, கூலி ஏறாதவனுக்கும் வாடகை ஏறுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காவலாளிக்கு மாதம் 15 ஆயிரம், வாடகை 8 ஆயிரம் என்று வைத்துக் கொள்வோம். பத்து மாத அட்வான்ஸ் 80 ஆயிரம். ஐந்து மாதச் சம்பளத்தை அப்படியே வைத்தாலும் போதாது!

மாடியில் வேலை செய்பவர் நமக்கு விரோதியா? இல்லை. அவர் சம்பளத்தையும் வாடகையும் பாங்கித் தவணையும் விழுங்குகின்றன. கொழுப்பவன், நிலத்தை மடக்கிப் போட்டு விலை ஏறக் காத்திருக்கும் ரியல் எஸ்டேட் முதலையே!

சட்டம் காப்பாற்றாதா? 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நியாய வாடகை நிர்ணயிக்க அதிகாரி இருந்தார். 2019-ல் அமலுக்கு வந்த புதிய சட்டம், வாடகையை இருவரின் ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்டது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாதாம். ஆனால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் அந்த வரம்பும் இல்லை! தலைசாய்க்க இடம் தேடுபவனுக்கும் சொத்துக்காரனுக்கும் சமமான ஒப்பந்தம் ஏது?

சர்க்கார் ஏழைக்கு வீடு தரவில்லையா? தந்தது. டைடல் திறந்த அதே 2000-ல் நகரத்துக் குடிசை ஜனங்களைக் கண்ணகி நகருக்கு அள்ளிச் சென்றது, பிறகு செம்மஞ்சேரிக்கு, 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரை மக்களைப் பெரும்பாக்கத்துக்கு. கூரை ஓரிடம், பிழைப்பு வேறிடம்! முதலாளித்துவம் குடியிருப்புப் பிரச்னையைத் தீர்ப்பதில்லை, இடம் மாற்றி வைக்கிறது என்று 1872-லேயே ஏங்கெல்ஸ் எடுத்துக் காட்டினார். அவர் கண்டது நம் கண்முன் நடக்கிறது.

நாம் கோருவது இதுதான்: நியாய வாடகை நிர்ணயத்தை மீண்டும் கொண்டுவா! வேலைத்தலங்களின் அருகே சர்க்கார் நிலத்தில் தொழிலாளருக்கு வீடு கட்டு! கான்ட்ராக்ட் முறையை ஒழித்துக் கூலியை உயர்த்து! குடிசை ஜனங்களை வெளியேற்றுவதை நிறுத்து!

தனித்தனியே வீட்டுக்காரரிடம் கெஞ்சினால் எதுவும் மாறாது. பேட்டைதோறும் குடியிருப்போர் சங்கம் காணுங்கள். தொழிற்சங்கத்தோடு கரம் கோருங்கள். நகரத்தைக் கட்டியவனுக்கு நகரத்தில் இடம் வேண்டும்!