முதல் கமரா: விலையா, வேலையா?

நமது கல்யாண வீடுகளில் பெண்கள் பகுதிக்குள் ஆண் புகைப்படக்காரர் வருவதைப் பலரும் விரும்புவதில்லை. ஆகவே கமரா பிடிக்கத் தெரிந்த பெண்பிள்ளைகள் நம் சமூகத்துக்குத் தேவை. ஆனால் கமரா என்றதும் வாப்பா, உம்மாவின் நெஞ்சில் இடிப்பது அதன் விலைதான்.

முதல் டிஎஸ்எல்ஆர் பாவித்ததாக இருந்தாலே போதும் என்பது என் கருத்து. மெகாபிக்சலில் மயங்க வேண்டாம். 2012இல் வந்த நிக்கொன் டி3200 கூட 24 மெகாபிக்சல் கொண்டதுதான். மிச்சமாகும் பணத்தில் 50 மில்லிமீற்றர் எப் 1.8 லென்ஸ் ஒன்றை வாங்கலாம். கமராவோடு வரும் 18–55 லென்ஸ், 55இல் எப் 5.6 வரைதான் திறக்கும். எப் 1.8 அதைவிட 9 மடங்குக்கும் கூடுதலான ஒளியை உள்ளே விடும். மண்டபத்து மங்கல் வெளிச்சத்திலும் பிளாஷ் இல்லாமலே முகம் தெளிவாக விழும்.

வாங்குமுன், ஷட்டர் எத்தனை தடவை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். லென்ஸினுள் டோர்ச் அடித்துப் பங்கசு இருக்கிறதா என்றும் பாருங்கள். வெள்ளவத்தைக் கடற்காற்றின் ஈரத்தில் அது இலகுவில் பிடித்துவிடும்.

பெற்றோரே, உங்கள் மகளுக்குக் கமராவோடு ஒன்றையும் சொல்லிக் கொடுங்கள்: பிறர் முகம் அமானிதம். அனுமதியின்றி ஒரு படமும் வெளியே போகக்கூடாது. அந்த நம்பிக்கையைக் காப்பவளைத்தான் அடுத்த கல்யாண வீடும் தேடி அழைக்கும்.